குடும்ப ஜெபம்: புதிதாகத் தொடங்கும் வீடுகளுக்கு

"நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்ற யோசுவாவின் வார்த்தை (யோசுவா 24:15) நம் வீடுகள் பலவற்றில் முன்னறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். கல்யாணத்துக்கோ வீடு பிரதிஷ்டைக்கோ யாரோ பரிசாகக் கொடுத்ததாக இருக்கும். ஆனால் அந்த வீட்டார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஆண்டவரிடம் பேசுகிற நேரம் எது என்று கேட்டால் பதில் தயங்கித்தான் வருகிறது. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறவர்களும், அதிகாலையில் எழுந்து தனியாக ஜெபிக்கிறவர்களும்கூட இந்த ஒன்றில் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் மனமில்லாததால் அல்ல, எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தராததால்தான்.

குடும்ப ஜெபம் என்பது மிகவும் எளிய காரியம். ஒரே கூரையின்கீழ் இருப்பவர்கள் நாள்தோறும் ஒரு வேளையில் கூடி, ஒரு பாட்டுப் பாடி, வேதத்தில் ஒரு சிறு பகுதி வாசித்து, சேர்ந்து ஜெபித்துவிட்டு எழுந்திருப்பது. அதற்கு ஐயர் (சபைப் போதகர்) வர வேண்டியதில்லை, பிரசங்கமும் தேவையில்லை. கத்தோலிக்க வீடுகளில் இந்த இடத்தை 53 மணிச் செபமாலையும், காலை 6, நண்பகல் 12, மாலை 6 என்று மணியடிக்கும்போது சொல்லும் மூவேளை செபமும் பிடித்திருக்கின்றன. இங்கே சொல்லப்போவது சீர்திருத்தத் திருச்சபை வீடுகளின் முறை. என்றாலும் நேரம், பிள்ளைகள், வீட்டுச் சண்டை பற்றிய பகுதிகள் எல்லாருக்கும் பொருந்தும்.

இதன் வேர் உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து, "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" அவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறது அது. ஆலயத்தைப் பற்றியோ ஆசாரியனைப் பற்றியோ அங்கே பேச்சில்லை. வீடு, வழி, படுக்கை இவைதான் இடங்கள். தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 1:5). ஆகவே வீட்டில் ஜெபத்தை நடத்தக் குடும்பத் தலைவர்தான் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அப்பா வெளிநாட்டில் இருக்கலாம், விருப்பமில்லாமலும் இருக்கலாம். அம்மாவோ பாட்டியோ தொடங்கினால் போதும்.

திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறு ஞானோபதேசத்தில் (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்றுத்தரும் சிறு நூல்) வீட்டார் காலையிலும் இரவிலும் சொல்லவேண்டிய ஜெபங்களைத் தனியாகக் கொடுத்திருக்கிறார். விசுவாசப் பிரமாணம் (விசுவாச அறிக்கை), இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபம், விரும்பினால் நாலைந்து வரியில் ஒரு சிறு ஜெபம், அவ்வளவுதான். காலை ஜெபம் முடிந்தால் சந்தோஷமாக உன் வேலைக்குப் போ, இரவு ஜெபம் முடிந்தால் உடனே நிம்மதியாகத் தூங்கு என்று முடிக்கிறார். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு இந்த ஞானோபதேசத்தைத் தமிழில் பெயர்த்தார். நம் வீட்டு ஜெபங்கள் இவ்வளவு நீண்டுபோனது எப்படி என்று யோசிக்கும்போதெல்லாம் லூத்தரின் அந்தச் சுருக்கத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த நேரம்?

கடிகாரத்தை வைத்து முடிவு செய்வதைவிட, வீட்டில் எப்படியும் நடக்கிற ஒரு வேலையோடு ஜெபத்தைச் சேர்த்துக் கட்டுவது நிலைக்கும். "எட்டரை மணிக்கு ஜெபம்" என்றால் எட்டு நாற்பதுக்கு ஒருவர் குளிக்கப் போயிருப்பார். "சாப்பாடு பரிமாறுவதற்கு முன் ஜெபம்" என்றால் எல்லாரும் அங்கே இருப்பார்கள். சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்த வீடுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சின்னப் பிள்ளை தூங்கிவிடும், பெரியவர்களுக்குக் கண் செருகும், அம்மா பாத்திரம் கழுவப் போய்விடுவார். ஒன்றிரண்டு மாதத்தில் ஜெபம் நின்றுபோகும். சாப்பாட்டுக்கு முன் என்றால் பசியே அதைச் சுருக்கமாக வைத்திருக்கும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சமைக்கிறவர் பாட்டின் நடுவில் குக்கர் விசிலுக்கு எழுந்து போகிற நிலை இருக்கக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு அவரும் வந்து உட்கார்ந்த பிறகே பாட்டுத் தொடங்கட்டும். தாமதமானால் மற்றவர்கள் போய்த் தேங்காய் துருவட்டும், தட்டை எடுத்து வைக்கட்டும். ஜெபத்துக்கு எல்லாரும் பாயில் காத்திருக்க, ஒருத்தர் மட்டும் அடுப்படியில் அவசரப்படுவது நல்ல ஆரம்பம் இல்லை.

பள்ளி, வேலை என்று காலையில் ஆளுக்கொரு நேரத்தில் கிளம்பும் வீட்டுக்கு இரவே வசதி. இரவுப் பணிக்குப் போகிறவர் இருந்தால் அவர் கிளம்பும் நேரத்தில் வாசலருகே நின்றபடியே இரண்டு நிமிடம் ஜெபித்து அனுப்பலாம். அதுவும் குடும்ப ஜெபம்தான்.

பதினைந்து நிமிடத்தின் உள்ளே

பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு 15 நிமிடம் போதும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் 7 நிமிடத்துக்குள் முடியுங்கள். கூடுதலாக ஜெபிக்க விரும்பும் பெரியவர் பிறகு தனியாக முழங்காலில் நிற்கலாம், அதற்கு யாரும் தடையில்லை. குடும்ப ஜெபம் அந்த வீட்டின் மிகச் சிறிய பிள்ளையும் மிகக் களைத்த ஆளும் தாங்கக்கூடிய நீளத்தில் இருக்க வேண்டும். இதை மீறினால் ஆர்வமுள்ள ஒருவருக்காக மற்ற எல்லாரும் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக ஆகிவிடும்.

முதலில் பாட்டு. ஒரே பாட்டை ஒரு வாரம் முழுக்கப் பாடுங்கள். இரண்டு சரணம் போதும். ஏழு நாள் பாடினால் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மனப்பாடமாகிவிடும், வருடத்துக்கு ஐம்பது பாட்டு அந்த வீட்டின் சொத்தாகும். கீர்த்தனையோ பாமாலையோ எதுவானாலும் சரி. குரல் எட்டாத சுருதியில் தொடங்கிவிட்டால் கூச்சப்படாமல் நிறுத்தித் தாழ்த்தித் தொடங்குங்கள். செல்போனில் பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து முணுமுணுப்பதை இரண்டாம் பட்சமாகத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் நாளடைவில் பாட்டுப் பெட்டி மட்டும் பாடும், வீடு கேட்டுக்கொண்டிருக்கும். அடுக்குமாடி வீடாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், ஒலிபெருக்கி வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது வேதவாசிப்பு. புது வருஷத்தில் உற்சாகமாக ஆதியாகமத்திலிருந்து தொடங்கி நடுவில் விட்டுவிடுகிற வீடுகள் நிறைய. கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. ஜனவரி முதல் தேதி தொடங்கி நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் மார்ச் கடைசியில் இந்த 90-உம் முடிந்து, ஏப்ரல் முதல் தேதி லேவியராகமம் வந்து நிற்கும். சர்வாங்க தகனபலியையும் போஜனபலியையும் பற்றிய சட்டங்களை, பள்ளி முடிந்து வந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு இரவில் வாசித்துக் காட்டுவது கடினம். அந்த வேகத்தில் வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களும் முடிய மூன்று வருடம் மூன்று மாதம் ஆகும். முழு வேதத்தையும் வாசிப்பது அவசியம்தான், ஆனால் அதற்குத் தனி வாசிப்பு இருக்கிறது.

குடும்பமாக வாசிக்க மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், 678 வசனம். நாளுக்குச் சுமார் 15 வசனம் என்றால் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். சம்பவங்கள் அடுத்தடுத்து வேகமாக வருவதால் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். பிறகு ரூத்தும் யோனாவும், இரண்டும் நான்கு நான்கு அதிகாரம். பிலிப்பியரும் நான்குதான். யாக்கோபுக்கு ஐந்து. நீதிமொழிகளின் 31 அதிகாரங்களைத் தேதிக்கு ஒன்றாகப் பெரியவர்கள் வாசிப்பது பழைய வழக்கம். வீட்டில் அதை அப்படியே செய்யாமல், அன்றைய தேதிக்குரிய அதிகாரத்திலிருந்து ஐந்து வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. 119-ஆம் சங்கீதத்தை நீளத்துக்குப் பயந்து தள்ளிவைப்பார்கள். அதன் 176 வசனங்களும் எட்டெட்டாக 22 பகுதியாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன, நாளுக்கொரு பகுதி என்றால் மூன்று வாரத்தில் முடியும்.

ஆளுக்கு மூன்று நான்கு வசனமாகச் சுற்றி வாசியுங்கள். ஆங்கிலவழியில் படித்துத் தமிழ் திக்குகிற பிள்ளைக்கு ஒரே ஒரு வசனம் கொடுங்கள், திருத்தித் திருத்தி அவமானப்படுத்த வேண்டாம். நாம் பழகிய பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் 1871-ஐச் சேர்ந்தது. "ஒத்தாசை", "பர்வதம்", "கெடிகலங்கி" போன்ற சொற்களுக்கு வாசிக்கிறவரே முன்கூட்டி அர்த்தம் பார்த்து வைத்திருந்தால் நல்லது. பிள்ளைகளுக்கு வேறொரு மொழிபெயர்ப்பில் அதே பகுதியை ஒருமுறை வாசித்துக் காட்டுவதில் தவறில்லை. எழுத்தறியாத பாட்டி வீட்டில் இருந்தால் வாரத்துக்கு ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, அவருக்கு மனப்பாடமான சங்கீதத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அன்றைய வேதபாகம் அதுவே.

வாசித்த பிறகு விளக்கவுரை கூடாது. இங்கேதான் பல அப்பாக்கள் பிரசங்கியாராகிவிடுகிறார்கள், அந்தப் பிரசங்கம் பெரும்பாலும் மகனின் மதிப்பெண்ணில் வந்து முடியும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் உனக்கு எந்த வரி நின்றது?" ஒருவர் பதில் சொன்னாலும் போதும். பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளை கேட்டால் "தெரியவில்லை, ஐயரிடம் கேட்போம்" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கேளுங்கள்.

ஜெபிக்கும் விதம்

நன்றி, அறிக்கை, விண்ணப்பம் என்ற வரிசை எளியது. நன்றியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். "ஆண்டவரே, இன்று மழை தந்ததற்காக ஸ்தோத்திரம்" என்ற ஒரு வரி முழுமையான ஜெபம். விண்ணப்பம்தான் நீண்டுகொண்டே போகும். சொந்தக்காரர் எல்லாருடைய பெயரும் தினமும் வர வேண்டும் என்று தொடங்கினால் அது பெயர்ப்பட்டியலாகி, மனம் எங்கோ போய்விடும். கிழமைக்கு ஒரு கூட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். திங்கள் உறவினர், செவ்வாய் சபை, புதன் நோயாளிகள், வியாழன் அக்கம்பக்கத்தாரும் கூட வேலை செய்பவர்களும், வெள்ளி நாட்டை ஆளுகிறவர்கள் (1 தீமோத்தேயு 2:1-2 இதைக் கேட்கிறது), சனி மறுநாள் ஆராதனையும் பிரசங்கிப்பவரும். அவசரமான ஒரு காரியம் வந்தால் எந்த நாளிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு ரூபாய் பென்சிலும் ஒரு பழைய நோட்டும் வைத்துக்கொண்டால் மிகவும் உதவும். இடப்பக்கம் தேதியும் காரியமும், வலப்பக்கம் அது எப்படி ஆயிற்று என்பது. "வேலை கிடைத்தது" என்று எழுதும் நாளில் நன்றி சொல்ல மறக்க மாட்டோம். வலப்பக்கம் காலியாகவே இருக்கும் காரியங்களும் உண்டு. அவற்றைக் கிழித்துப் போடாமல் தொடர்ந்து ஜெபிப்பதைப் பிள்ளைகள் பார்ப்பது நல்லது. பிறர் நம்பிச் சொன்ன அந்தரங்கங்களை மட்டும் நோட்டிலும் எழுத வேண்டாம், பிள்ளைகள் முன் வாய்விட்டும் ஜெபிக்க வேண்டாம். ஜெபம் என்ற பெயரில் ஊர்க்கதை பரவுவது அப்படித்தான். "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்று சொன்னாலே ஆண்டவருக்கு யார் என்று தெரியும்.

கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம், பிறகு "கிருபை" என்ற முடிவு ஆசீர்வாதம். படுக்கப் போகும் நேரமானால் "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்ற 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சேர்த்துச் சொல்லலாம்.

எது கெடுக்கிறது?

ஜெபத்தை வைத்து மனுஷரைக் குத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. "ஆண்டவரே, போனையே கட்டிக்கொண்டு அழுகிற இந்தப் பிள்ளைக்குப் புத்தி கொடும்." "பெரியவர்களை மதிக்கிற இருதயத்தை இந்த வீட்டுப் பெண்களுக்குத் தாரும்." கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் யாரைச் சொல்கிறோம் என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். குத்தப்பட்டவருக்குப் பதில் பேச வழியில்லை, ஏனென்றால் பேச்சு ஆண்டவரிடம் நடக்கிறது. மாமியார்–மருமகள் மனத்தாங்கல் பல வீடுகளில் இப்படி ஜெபத்துக்குள் நுழைந்து, பிறகு வெளியே போகாமலே தங்கிவிடுகிறது. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" (கொலோசெயர் 3:21) என்ற வசனத்தை இந்த நேரத்துக்குத்தான் முதலில் பொருத்த வேண்டும். கண்டிக்க வேண்டியதை ஜெபத்துக்கு வெளியே, முகத்தைப் பார்த்து, தனியாகச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் சண்டையை மூடிவைத்துவிட்டு ஜெபத்துக்கு உட்காருவது. பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்தபோது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி வா என்றார் இயேசு (மத்தேயு 5:23-24). மனைவியை மதித்து வாழாவிட்டால் ஜெபம் தடைபடும் என்று பேதுரு கணவர்களுக்கு நேரடியாகவே எழுதுகிறார் (1 பேதுரு 3:7). வீட்டில் இதைச் செய்ய வழி எளிது, செய்வதுதான் கஷ்டம். பாட்டுத் தொடங்கும் முன், அன்று கத்தியவர் ஒரே வரியில் சொல்லட்டும்: "காலையில் நான் அப்படிப் பேசியது தப்பு, மன்னித்துக்கொள்." 'ஆனால்' என்று தொடங்கும் இரண்டாம் வரி வேண்டாம். மன்னிப்பை முதலில் கேட்கவேண்டியவர் அந்த வீட்டில் அதிகாரம் அதிகம் உள்ளவர். அப்பா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பாவமன்னிப்பு என்ற சொல்லுக்கு ஞாயிறு பள்ளி தனியாக அர்த்தம் சொல்லித் தரத் தேவையிருக்காது. சமாதானம் ஆக முடியாத அளவுக்குக் கோபம் இருந்தால் அன்று மௌனமாகப் பரமண்டல ஜெபம் மட்டும் சொல்லி எழுந்திருங்கள். "எங்களுக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்தவர்களுக்கு" என்ற இடத்தில் குரல் தடுமாறினால், தடுமாறட்டும்.

வீட்டில் கிறிஸ்தவர் அல்லாத கணவரோ, மருமகளோ, தங்கி வேலை செய்பவரோ இருந்தால் உட்காரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. அழைக்கலாம், வராவிட்டால் முகம் சுளிக்கக் கூடாது. கல்லூரிக்குப் போகும் மகன் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் சாப்பாட்டை நிறுத்தி வைப்பது போன்ற தண்டனைகள் அவனை வேதத்தை விட்டே விலக்கும். விடுதியிலோ வளைகுடாவிலோ இருப்பவருக்குத் தினமும் வீடியோ அழைப்பு நடைமுறைக்கு ஒத்துவராது. வாரத்துக்கு ஒருநாளைக் குறித்துக்கொண்டு, மற்ற நாளில் வீட்டில் வாசிக்கும் பகுதி எது என்று மட்டும் செய்தியாக அனுப்பினால் அவரும் அதையே வாசிப்பார்.

எழுந்த பிறகு

ஒருவன் பசியோடிருக்கும்போது "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வெறும் வாயால் சொன்னால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறார் (2:15-16). அதனால் ஜெபித்த காரியங்களில் ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் கையால் செய்யுங்கள். நோயாளிக்காக ஜெபித்தால் ஒருநாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள், ஆஸ்பத்திரியில் துணைக்கு ஓர் இரவு இருக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். வேலை தேடுபவருக்காக ஜெபித்தால் தெரிந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பிடியரிசி வழக்கம் இதற்கு நல்ல துணை. உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். ஒரு பிடி சுமார் 50 கிராம் என்றால், இரண்டு வேளைச் சமையலுக்கு மாதம் 3 கிலோ சேரும். மிசோரம் சபைகள் இந்த வழக்கத்தைக் கொண்டே பெரும் ஊழியங்களைத் தாங்கிவருகின்றன. நம் பக்கத்துச் சபைகளிலும் பெண்கள் இதைச் செய்துவந்திருக்கிறார்கள். அந்தப் பிடியை எடுத்துப் போடும் வேலையைச் சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள். மாதக் கடைசியில் அரிசி யாருக்குப் போகிறது என்பதையும் அந்தப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள்.

ஜெபம் விட்டுப்போகும் நாட்கள் வரும். காய்ச்சல், கல்யாணவீடு, கரண்ட் இல்லாத இரவு, சும்மா சோம்பல், எதுவாகவும் இருக்கலாம். மறுநாள் இரட்டிப்பாக வாசித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், கடன் ஏறினால் கடையே மூடிப்போகும். விட்ட இடத்திலிருந்து அடுத்த பகுதியை எடுத்து வழக்கம்போல் முடியுங்கள். யார் காரணம் என்ற விசாரணையும் வேண்டாம்.

இன்றிரவே தொடங்கலாம் என்றால் 121-ஆம் சங்கீதத்தை எடுங்கள். எட்டே வசனம், நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு இரண்டு. தெரிந்த பாட்டில் ஒரு சரணம், இந்தச் சங்கீதம், ஆளுக்கொரு நன்றி, பரமண்டல ஜெபம். ஆறு நிமிடம்கூட ஆகாது, சோறும் ஆறியிருக்காது.